தங்கச்சியைச் சபை விலக்கி வைத்திருக்கிறது, நான் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

கடலோரம்27 எழுதியது:

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வெள்ளவத்தை. அப்பா, அம்மா, நான், தங்கச்சி. நான் பிறக்க முந்தியே வீட்டில் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். ஐம்பது அறுபது குடும்பம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், யார் வீட்டில் என்ன கறி என்பது வரைக்கும். நகை இல்லை, படம் இல்லை, சாமத்திய வீட்டுக்குப் போகக்கூடாது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்தால் சிரித்து வாங்கிவிட்டு, அவர் லிஃப்டில் ஏறியதும் கீழே காவலாளியிடம் கொடுத்துவிடுவோம். கல்யாணம் என்றால் சபைக்குள்தான்.

தங்கச்சிக்கு 26 வயது. கொள்ளுப்பிட்டியில் கணக்காளர் வேலை. கூட வேலை செய்கிற வத்தளைப் பையன் ஒருவரை விரும்பினாள், சைவக் குடும்பம். சபையை நடத்துகிற மூப்பர்கள் மூன்று தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாம் தரம் அழுதுகொண்டு வந்தாள், உள்ளே என்ன கேட்டார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிய அவளுடைய பெயரை வாசித்து, ஐக்கியத்திலிருந்து நீக்கியிருக்கிறோம் என்று அறிவித்தார்கள். நான் அப்போது மேடையில் கிட்டாருடன் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த பாட்டை நான்தான் தொடங்க வேண்டும். தொடங்கினேன்.

அப்புறம் இரண்டு கிழமை அவள் வீட்டில்தான் இருந்தாள். கூட இருந்து சாப்பிடக்கூடாது என்பது சட்டம், அதனால் நாங்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு அம்மா அவளுக்குத் தனியாகப் போட்டு வைப்பார், அவள் குசினியில் நின்றபடியே சாப்பிடுவாள். ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர்ப் போத்தல் எடுக்க நான் உள்ளே போனால் அவள்தான் ஒதுங்கி வழி விடுவாள். பிறகு தெஹிவளையில் ஒரு அனெக்ஸ் எடுத்துப் போய்விட்டாள். போன மாதம் சவோய் பக்கத்து பஸ் ஹோல்ட்டில் அவளைக் கண்டேன். அவளும் கண்டாள். என்னுடைய பஸ் இல்லை அது, ஆனால் வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பம்பலப்பிட்டியில் இறங்கித் திரும்ப நடந்து வந்தேன்.

இப்போது விஷயம். பதிவுத் திருமணம், அடுத்த புதன்கிழமைக்கு அடுத்த புதன். இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று அந்தப் பக்கம். மற்றதற்கு என்னைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாள்: "அண்ணா, கையெழுத்து மட்டும். என்னோடு கதைக்கவும் தேவையில்லை."

போட்டால் எனக்கும் அதே கதிதான். அப்பா இருதய நோயாளி. சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா? இதை யாராவது கடந்து வந்தீர்களா?

இன்னொன்று, இதையும் சொல்லாமல் விட மனமில்லை. சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் பிரம்பு, முழந்தாள் எல்லாம் எங்களுக்குச் சாதாரணம். தங்கச்சி ஒன்பது வயதில் வெள்ளிக்கிழமை உபவாசத்தில் தண்ணீரும் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தாள், அதற்குக் கெட்ட ஆவி என்று தலையில் கை வைத்து இரண்டு மணித்தியாலம் ஜெபம் பண்ணினார்கள். அங்கே இப்போதும் சின்னப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

--------

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு எழுதியது:

தம்பி, சட்டம் கேட்டீர்கள், சட்டம் சொல்கிறேன், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒருவர் தான் விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் சுதந்திரம் தருகிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு என்பது அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான். ஒரு தனியார் சபை உங்களோடு கதைக்க மாட்டோம் என்று முடிவெடுத்தால் அதற்கு எதிராக உயர் நீதிமன்றம் போக முடியாது. மற்ற நாடுகளிலும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான். கனடாவில் கல்கரியைச் சேர்ந்த வீடு விற்பனை முகவர் ஒருவர், யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப்பிரிவு தன்னை நீக்கியதால் வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள், தொழில் படுத்துவிட்டது என்று வழக்குப் போட்டார். 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. இந்தியாவில் 1949இல் பம்பாய் மாகாணம் மத விலக்கைத் தடுக்க ஒரு சட்டமே கொண்டுவந்தது. தாவூதி போரா முஸ்லிம் சமூகத்தின் தலைவர் வழக்குப் போட்டு, 1962இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வியை 2023இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அறுபது வருடமாக இழுபடுகிற கதை. நோர்வே அரசு வேறு வழியால் போனது: பிள்ளைகளையும் விலகியவர்களையும் ஒதுக்குகிறார்கள் என்று யெகோவாவின் சாட்சிகளுக்கு மானியத்தை நிறுத்தி, 2022 டிசம்பரில் பதிவையும் எடுத்தது. 2024இல் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் அரசின் பக்கம், 2025இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளின் பக்கம்.

ஆக, அம்மாவைக் கதைக்க வைக்கச் சட்டம் இல்லை.

திருமணத்துக்கு மட்டும் சபையால் தடை போட முடியாது. இருவருக்கும் 18 தாண்டிவிட்டது, மதம் வேறாக இருப்பது பொதுத் திருமணப் பதிவுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. நீங்கள் சாட்சி வைப்பதற்குச் சபையின் அனுமதியும் தேவையில்லை.

பிள்ளைகள் விஷயம் வேறு, அங்கே சட்டத்துக்குப் பல் இருக்கிறது. தண்டனைச் சட்டக் கோவையின் 308ஏ பிரிவு, 1995இல் சேர்த்தது, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதற்கு ஆசிரியர், ஊழியக்காரர், பெற்றோர் என்ற வித்தியாசம் கிடையாது. ஆசிரியர் அடித்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில் 2021இல் எங்கள் உயர் நீதிமன்றமே உடல் தண்டனையைப் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறது. 1929க்கு அடியுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. தமிழிலும் கதைக்கலாம்.

--------

விசுவாசி_கொட்டாஞ்சேனை எழுதியது:

எல்லோரும் ஒரு பக்கமாகக் கதைக்கிறீர்கள். கிளப்பில் சேர்ந்தாலும் விதி இருக்கிறது, மீறினால் வெளியே போடுகிறார்கள். சபை சிட்சிப்பது அன்பினால்தான், ஆள் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. அந்தப் பிள்ளைக்கு விதி தெரியும். தெரிந்துதானே செய்தாள்?

--------

தெஹிவளை_அக்கா எழுதியது:

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு: கிளப்பில் வெளியே போட்டால் என் அம்மா எனக்குச் சோறு போடுவதை நிறுத்த மாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு மேல் உங்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

கடலோரம் தம்பிக்கு. நான் வேறு சபை, ஆனால் நீங்கள் எழுதியதில் சபையின் பெயர் மட்டும்தான் வேறு. பதினொரு வருடத்துக்கு முந்தி என்னை நீக்கினார்கள். காதல்கூட இல்லை, இரண்டு கேள்வி கேட்டேன், பதில் திருப்தியில்லை என்று கூட்டங்களுக்குப் போகாமல் விட்டேன், அது "கலகம்" ஆகிவிட்டது. அப்பா நேராகவே சொன்னார், நீ மனந்திரும்பும் மட்டும் எனக்கு மகள் இல்லை என்று. நல்ல மனுஷன். வாழ்க்கையில் என்னை ஒரு அடி அடித்ததில்லை. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

முதல் வருடம் என்ன நடக்கும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஆகவே சொல்கிறேன். ஃபோன் அடிக்காது. சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இருபத்தைந்து வருடமாக உன் பிறந்த நாள், உன் சோதனை, உன் தடிமன் காய்ச்சல் எல்லாம் விசாரித்த முந்நூறு பேர் ஒரே ஞாயிற்றில் இல்லாமல் போவது எப்படி என்று அனுபவித்தவருக்குத்தான் விளங்கும். சபைக்கு வெளியே சிநேகிதம் வைக்கவும் அவர்கள் விட்டதில்லையே, அதனால் வெளியிலும் ஆள் இல்லை. காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்தேன், எதிர்க் கடைச் சிங்களப் பொடியன்தான் கஞ்சி கொண்டுவந்தான். ராத்திரியில் கடற்கரைத் தண்டவாளம் வரை நடந்து போய் நிற்பேன், ஏன் போய் நின்றேன் என்று இப்போது எழுதப் போவதில்லை. ஹோட்டன் பிளேஸில் சுமித்ராயோ இருக்கிறது, போனால் ஆள் உட்கார்ந்து கேட்பார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். நடு ராத்திரி என்றால் 1926, தேசிய மனநல உதவி எண். உங்கள் தங்கச்சிக்கு இரண்டையும் இன்றைக்கே அனுப்பி விடுங்கள், திருமணம் நடக்கப் போகிறது, சந்தோஷமாகத்தானே இருப்பாள் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

இப்போது அம்மா. எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஆட்டோக்காரர் கேட்டடியில் வந்து ஹோர்ன் அடித்து, ஒரு துணிப்பையைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே எவர்சில்வர் கரியர். அடித் தட்டில் சோறு, நடுவில் பாரை மீன் குழம்பு, மேலே முருங்கைக்காய்ப் பால்கறி. துண்டுச் சீட்டு ஒன்றும் இல்லை. அடுத்த சனி கழுவின கரியரை வாங்கிக்கொண்டு அடுத்த கரியரைத் தந்தார். ஐந்து வருடம். அம்மா விதியை மீறவே இல்லை, யோசித்துப் பாருங்கள், கூட இருந்து சாப்பிடாதே என்றுதான் விதி, சமைத்து அனுப்பாதே என்று ஒருவரும் சொல்லவில்லையே. அந்த மனுஷி எட்டு மாதம் படுத்துக்கிடந்து யோசித்து அந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆட்டோக்காரர் முஸ்லிம், அப்பாவுக்குச் சொல்லிவிடுவார் என்ற பயமில்லை, அதையும் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.

ஒரு சனி கரியர் வரவில்லை. அடுத்த சனி ஆட்டோக்காரர் வெறுங்கையோடு வந்தார். அடக்கம் வியாழனே முடிந்துவிட்டது. எனக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கரியர் என்னிடம்தான் இருக்கிறது.

தம்பி, நீங்கள் ஏறிய அந்தப் பஸ்ஸைப் பற்றி உங்கள் தங்கச்சிக்கு எழுதுங்கள். கையெழுத்து பிறகு.

--------

மாளிகாவத்தை_நானா எழுதியது:

அக்கா எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை.

இது சபைக்காரருக்கு மட்டும் உள்ள வியாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். என்னை பத்து வயதில் ஹிஃப்ழுக்கு, குர்ஆனை மனப்பாடம் செய்ய, ஒரு விடுதி மத்ரஸாவில் சேர்த்தார்கள். ஊர் பெயர் வேண்டாம். நல்ல உஸ்தாத்மாரும் இருந்தார்கள், ஒருவருக்கு இன்றைக்கும் துஆச் செய்கிறேன். ஆனால் மற்றொருவர் பாடம் தவறினால் உள்ளங்காலில் அடிப்பார், உள்ளங்காலில் அடித்தால் அடையாளம் தெரியாது. வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன். உஸ்தாதின் பிரம்பு பட்ட இடம் நரகத்தில் வேகாது என்றார். அவருக்கு அவருடைய வாப்பா சொன்னது அது. அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. குர்ஆனில் ஏழு ஜுஸ்உ, ஏழு பாகம், மனப்பாடம் இருந்தது, இன்றைக்கு ஓத உட்கார்ந்தால் கால் கூசும். மார்க்கத்தை நான் விடவில்லை. பள்ளிவாசலுக்குப் போகிறேன், என் மகனைப் பகலில் வந்து போகிற வகுப்புக்குத்தான் அனுப்புகிறேன், ஜன்னல் திறந்திருக்கிற வகுப்புக்கு.

தம்பி, அந்த உபவாசப் பிள்ளைகள் விஷயத்தில் 1929க்கு நீங்கள்தான் எடுக்கவேண்டும், உள்ளே இருப்பவருக்குத்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். வாப்பா மௌத்தாகும் முன் ஒரு தரம் என் காலைப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

--------

சுன்னாகத்தான்_கொழும்பில் எழுதியது:

சைவ ஆட்களும் சும்மா இருக்க வேண்டாம். ஊரில் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் குடிமக்களை, அதாவது ஊர்த் தொழில் செய்கிறவர்களை, நிறுத்துவார்கள் என்று அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், வண்ணார் வரமாட்டார், முடி வெட்டுகிற பரியாரி வரமாட்டார், செத்த வீட்டுக்குப் பறையும் இல்லை. பெடியனின் சாதி மாறின கல்யாணத்துக்குத்தான் பெரும்பாலும். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், தாழ்த்தப்பட்ட சாதி ஆட்களை உள்ளே விடாமல் மறித்ததும் மறக்கிற விஷயமா? பெயர்தான் வேறு வேறு.

--------

பழைய_மூப்பன் எழுதியது:

நான் மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருந்தவன். ஒன்பது வருடம்.

உங்கள் தங்கச்சி உள்ளே என்ன கேட்டார்கள் என்று சொல்லவில்லை என்றீர்கள். நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் சபையில் அப்படிக் கேட்டவன் நான். மூன்று ஆண்கள், சாத்தின கதவு, ஒரு பெண் பிள்ளை. எங்கே சந்தித்தீர்கள், எத்தனை தரம், தொட்டானா, எங்கே தொட்டான், மனது சம்மதித்ததா, சந்தோஷமாக இருந்ததா. பாவத்தின் கனத்தை அறிய வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தது. ஒரு தாயோ சிநேகிதியோ கூட உட்கார விடமாட்டோம். குறிப்பு எழுதினாலும் பிறகு கிழித்துவிடுவோம். அவள் அழுதால் மனந்திரும்புகிறாள் என்று எடுப்போம், அழாவிட்டால் கல்நெஞ்சம். வீட்டுக்கு வந்து என் மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன், கை கூசவில்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

தம்பி விசுவாசி, அன்பினால் என்றீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், பொய்யாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். ஆனால் எங்கள் சபையில் நீக்கிய ஆட்களில் திரும்பி வந்தவர்கள் வேதத்துக்காக வரவில்லை, அம்மாவுக்காக வந்தார்கள். பின்வரிசையில் மாதக்கணக்கில் ஒருவரும் முகம் பார்க்காமல் உட்கார்ந்து, கடிதம் எழுதி, மன்னிப்புக் கேட்டு, ஒரு பேரப்பிள்ளையைத் தூக்க அனுமதி வாங்கினார்கள். பாவம் செய்தவனோடு கூட இருந்து சாப்பிடவும் வேண்டாம் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியதை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம், அவரே தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் அப்படிப்பட்டவனைச் சத்துருவாக எண்ணவேண்டாம், சகோதரனாக எண்ணுங்கள் என்கிறாரே, அந்த வசனத்தை நான் ஒரு பிரசங்கத்திலும் கேட்ட ஞாபகம் இல்லை.

1656இல் ஆம்ஸ்டர்டாமில் ஸ்பினோசா என்ற யூதப் பிள்ளையை, 23 வயது, சமூகத்தை விட்டு விலக்கினார்கள். அவனோடு கதைக்கக்கூடாது, அவன் எழுதியதை வாசிக்கக்கூடாது, நாலு முழத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. நாலு முழம். எங்கள் மண்டபத்தில் நீக்கப்பட்டவர்களுக்கு விட்ட கதிரைகளின் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான், நாங்கள் அதை எங்கேயும் வாசிக்காமலே கண்டுபிடித்திருந்தோம்.

இன்னொரு விஷயம், இது உங்களுக்கு, கடலோரம். என் மகள் உளவியல் படிக்கிறாள், அவள்தான் காட்டினாள். பந்து எறிந்து விளையாடுகிற ஒரு கணினி விளையாட்டை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், மூன்று பேர் விளையாட்டு, ஒருவருக்கு மட்டும் பந்து வராது. சில நிமிட விளையாட்டுக்கே ஆள் சுருங்கிப்போகிறார். மூளையில் உடம்பு வலியோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி அப்போது தூண்டப்படுகிறது என்று 2003இல் ஒரு ஆய்வு வந்தது. பிறகு 2013இல் இன்னொன்று, அதில் பந்தைக் கொடுக்காதே என்று சொல்லப்பட்டு அதைக் கேட்டு நடந்தவர்களைப் பார்த்தார்கள். அவர்களும் நொந்துபோகிறார்கள், வெட்கமும் குற்ற உணர்வும். நீங்கள் பம்பலப்பிட்டியில் இறங்கித் திரும்ப நடந்தது அதுதான்.

கையெழுத்துப் பற்றி. போட்டால் உங்களைக் கூப்பிடுவார்கள், அது நிச்சயம். அதற்கு முந்தி சில காரியம்: இருக்கிற வீடு விசுவாசி ஒருவருடையதா, வேலை விசுவாசி ஒருவரிடமா, அப்பாவை வைத்தியரிடம் கூட்டிப்போகும் வாகனம் யாருடையது, இவற்றைப் பாருங்கள். விசாரணைக்குப் போகவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. போனால், கேள்விகளை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். எழுத்தில் தரவே மாட்டார்கள், நாங்கள் தந்ததில்லை. அப்பாவுக்கு மற்றவர் வாயால் தெரிய விடாதீர்கள், செவ்வாய் இரவே நீங்களாகச் சொல்லுங்கள், மருந்து குடித்த பிறகு.

நான் விசாரித்த பிள்ளைகளில் இரண்டு பேரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தி தேநீர் தந்தாள். மற்றவள் கதவைத் திறக்கவில்லை, அது அவளுடைய உரிமை.

--------

விசுவாசி_கொட்டாஞ்சேனை எழுதியது:

அந்த வசனத்தை எடுத்து வாசித்தேன். எல்லாச் சபையும் அப்படி இல்லை என்று இப்பவும் சொல்வேன். ஆனால் முதல் பதிவில் "தெரிந்துதானே செய்தாள்" என்று நான் எழுதியிருக்கத் தேவையில்லை.

--------

கடலோரம்27 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத நினைத்தேன், ஏலவில்லை.

அக்கா, பஸ்ஸைப் பற்றி அவளுக்கு எழுதினேன். "தெரியும், 155இல் ஏறினாய், அது உன்னுடைய பஸ் இல்லையே" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்பு. அப்புறம் முக்கால் மணித்தியாலம் ஃபோனில் கதைத்தோம். 1926 அவளிடம் ஏற்கெனவே இருந்ததாம். ஒரு தரம் அடித்திருக்கிறாளாம். எப்போது என்று கேட்டேன், வீட்டில் இருந்த அந்த இரண்டு கிழமைக்குள். நாங்கள் அடுத்த அறையில் இருந்திருக்கிறோம்.

வீடு எங்களுடையது, வேலையும் வெளியில்தான். அப்பாவின் கிளினிக் வாகனம் மட்டும் ஒரு மூப்பருடையது, பிக்மி டாக்ஸி வைத்துக்கொள்ளலாம். 1929க்கும் எடுத்தேன், பெயர் விபரம் எடுத்திருக்கிறார்கள், மேலே எழுத விரும்பவில்லை.

புதன் பத்தரைக்குப் பதிவு. போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அக்காவின் கரியர் கதையை, யாரோ ஒருவருக்கு நடந்ததாக, நேற்று இரவு பாத்திரம் கழுவும்போது அம்மாவுக்குச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் கழுவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த மனுஷி ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்திருப்பா என்று கேட்டார்.

கறுப்புக்கோட்டு அண்ணா, சாட்சிக்கு அடையாள அட்டை மட்டும் போதுமா, வேறு ஏதாவது கொண்டுபோக வேண்டுமா?

--------

புதுக்கடைக் கறுப்புக்கோட்டு எழுதியது:

அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். பதிவாளருக்கு முதல் நாளே ஒரு கோல் எடுத்து வேறு ஏதும் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள், ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி. பத்து மணிக்கே போய் நில்லுங்கள், புதன்கிழமை காலி வீதி நெரிசல் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.